வாழையா, வாளையா? வகுப்பறையில் தொடங்கும் ஆய்வு

யாழ்ப்பாணத்து அரியாலைப் பாடசாலை ஒன்றுக்குக் கட்டுறுப் பயிற்சிக்கு வந்த ஆசிரிய மாணவி, தரம் 4 பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொப்பிகளில் ‘பளம்’, ‘மளை’, ‘வாளை’ என்று வரிசையாகப் பிழைகள். சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, ‘கவனமில்லாத பிள்ளைகள்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. ஊர்ப் பெயரிலோ அது மறைந்தே போய், வாயில் ‘யாப்பாணம்’ ஆகிவிடுகிறது. காதில் விழுந்ததைப் பிள்ளை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. வாளை மீனும் பிள்ளைக்குத் தெரிந்ததுதானே.

‘ஏன் இந்தப் பிழை?’ என்று ஆசிரியை கேட்கிற இடத்தில்தான் செயல்நிலை ஆய்வு தொடங்குகிறது. அந்தப் பெயரைப் பரவலாக்கியவர் உளவியலாளர் கேர்ட் லெவின். 1946 இல் எழுதிய கட்டுரையில் திட்டமிடல், செயற்படல், விளைவை அறிதல் என்று சுற்றுச் சுற்றாக நகரும் முறையை விளக்கினார். 1953 இல் கல்வியியலாளர் ஸ்டீபன் கோரி அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். இலங்கையில் 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த கல்வியியற் கல்லூரிகளில், ஈராண்டு படிப்புக்குப் பின் பாடசாலையில் கழியும் கட்டுறுப் பயிற்சி இதற்கு வாய்ப்பான காலம்.

முதல் இடறல் ஆய்வுத் தலைப்பில் வரும். ‘மாணவரின் தமிழ்த் தேர்ச்சியை மேம்படுத்தல்’ என்பது ஓர் ஆயுட்கால வேலை. ‘தரம் 4 பிள்ளைகள் ழகர, ளகரச் சொற்களை வேறுபடுத்தி எழுதுதல்’ என்றால் ஒரு தவணைக்குள் அடங்கும். அடுத்து முன்சோதனை: எந்தச் சொல்லில் எத்தனை பேர் பிழைவிட்டார்கள் என்று எண்ணி எழுதவேண்டும். பிறகு இடையீடு. நாக்கை மடித்து ஒலித்துக் காட்டலாம், சொல் அட்டைகளால் விளையாடலாம். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று பிரித்தறிய முடியாது. புள்ளிகள் மட்டும் போதா. சக ஆசிரியரின் அவதானக் குறிப்பும், பிள்ளையோடு இருந்து கதைத்ததும் வேண்டும். அறிக்கையில் பிள்ளையின் பெயர் வரக்கூடாது.

பின்சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. ழகரச் சொற்களை மட்டும் கொடுத்தால் பெறுபேறு பளபளக்கும். ஏனென்றால் பிள்ளைகள் இப்போது எல்லா இடத்திலும் ழகரத்தையே போடக்கூடும். ளகரச் சொற்களையும் கலந்து கொடுத்தால்தான் அரியாலை நெடுங்குளம் ‘நெடுங்குழம்’ ஆகியிருப்பது தெரியவரும். அப்படியானால் அந்தப் பிழையையும் எண்ணிக்கையோடு எழுதவேண்டும். இரண்டாம் சுற்றுக்கான கேள்வி அதில்தான் இருக்கிறது.