பனிக்கு அடியில் ஒரு பயிர்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அக்டோபர் மாதம் பிறந்ததும் தோட்டங்கள் வெறிச்சோடத் தொடங்கும். தக்காளியும் மிளகாயும் உறைபனியில் கருகிவிடும். பிற பயிர்கள் விடைபெறும் அக்காலத்தில்தான் பூண்டு மண்ணுக்குள் செல்கிறது.

பூண்டில் மென்தண்டு வகை, வன்தண்டு வகை என இரண்டு உண்டு. மென்தண்டுப் பூண்டு பெரும்பாலும் பூத்தண்டு விடுவதில்லை. வன்தண்டுப் பூண்டின் நடுவிலிருந்து உறுதியான பூத்தண்டு எழும். பற்கள் அதைச் சுற்றி ஒரே வட்டமாக அமையும். கடுங்குளிரைத் தாங்கும் ஆற்றல் இவ்வகைக்கு மிகுதி. இவ்வகையுள் பெயர்பெற்ற ஒன்று 'மியூசிக்'. அல் மியூசிக் என்னும் உழவர் 1980களில் இத்தாலியிலிருந்து கொணர்ந்து ஒண்டாரியோவில் பயிரிட்டதால் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. வெண்ணிற உறைக்குள் நான்கு முதல் ஆறு பெரிய பற்கள் இருக்கும்.

குளிர் இப்பயிருக்குப் பகையன்று, தேவை. நட்ட பல் சில வாரங்கள் குளிரில் இருந்தால்தான் பல பற்களாகப் பிரியும். இதனைத் தட்பப்பதனம் என்பர். குளிர் போதாவிடின் பிரியாத ஒற்றை உருண்டையே விளையும். எனவே, நிலம் உறைவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன், கூர்முனை மேல்நோக்கி இருக்குமாறு பற்களை ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றுவர். வேர் பிடித்தபின் வைக்கோல் மூடாக்கு இடுவர். அது, மண் மாறிமாறி உறைந்து இளகுவதால் பற்கள் மேலே தள்ளப்படாமல் காக்கும்.

வசந்தத்தில் பனி உருகியதும் தளிர்கள் வெளிப்படும். ஜூன் மாதத்தில் சுருண்டெழும் பூத்தண்டை நறுக்கினால் ஊட்டம் குமிழத்திற்குச் செல்லும். நறுக்கிய தண்டும் உணவாகும். ஜூலையில் கீழிலைகள் பழுப்பேறும். ஒவ்வோர் இலையின் அடியும் குமிழத்தைப் போர்த்தும் ஓர் உறையாகும். இலைகள் எல்லாம் காயும்வரை காத்திருந்தால் உறைகள் சிதைந்து பற்கள் பிரிந்துவிடும். முந்தி அகழ்ந்தால் குமிழம் சிறுத்திருக்கும். உரிய வேளையில் அகழ்ந்து, காற்றோட்டமான நிழலில் சில வாரங்கள் உலர்த்துவர்.

உழவரின் உண்மையான சோதனை அதன்பின் வருகிறது. தோட்டப் பூண்டு பொதுவாக விதை தருவதில்லை. பல்லே அதன் விதை. ஒரு குமிழத்தில் ஐந்து பற்கள் எனக் கொண்டால், அடுத்த ஆண்டும் அதே அளவு பயிரிட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கவேண்டும். அதுவும் மிகச் சிறந்த பங்காக இருத்தல் வேண்டும். பெரியவற்றை விற்றுச் சிறியவற்றை நட்டால் விளைச்சல் சிறுத்துவிடும். உடல இனப்பெருக்கமாதலால் தாய்க் குமிழத்தின் நோயும் நூற்புழுவும் பற்களின் வழியே தொடரும். அந்நிலையில் சிலர் பூத்தண்டை நறுக்காமல் விட்டு, அதன் நுனியில் தோன்றும் சிறுகுமிழ் மொட்டுகளை நடுவர். அவை மண்ணைத் தொடாமல் வளர்ந்தவை. ஆதலால் மண்வழி நோய்கள் குறைவு. ஆயினும் முழுக் குமிழமாக இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்.

விளைந்ததில் சிறந்ததை உண்ணாமல், விற்காமல், மீண்டும் மண்ணுக்கே கொடுக்கும் உழவரிடமே இவ்வகை நிலைத்து வாழ்கிறது.