முதியோரின் வெளிநாட்டுப் பயணமும் இன்ஷூரன்ஸும்

ஈரோடு மாவட்டத்திலுள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக் கடன் பேரேட்டை நாம் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் பெயரில் ஒரே நாளில் மூன்று கடன்கள் பதிவாகியிருக்கக் கண்டோம். அறுவடை முடிந்து மஞ்சள் விலையாகும் பருவம் அது. விவசாயிகள் நகையை மீட்கும் காலமேயன்றி அடகு வைக்கும் காலமன்று. காரணம் என்னவென்று செயலாளரை வினவினோம். "சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கட்டுறதுக்குங்க" என்றார் அவர்.

நிகழ்ந்தது இதுதான். அறுபத்தாறு வயதான அங்கத்தினர் ஒருவர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம் மகனுடன் ஒரு மாதம் தங்கிவரச் சென்றார். மகன் பொறுப்புள்ள பிள்ளை. தந்தைக்குப் பயண இன்ஷூரன்ஸ் எடுத்தே அழைத்துக்கொண்டார். மூன்றாம் வாரத்தில் பெரியவருக்கு நெஞ்சுவலி கண்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நலமுடன் வெளிவந்தார். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு காசும் தரவில்லை. நான்கு ஆண்டுகட்கு முன்னரே அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்; இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரையும் உண்டுவந்தார். விண்ணப்பத்திலோ, "ஏற்கெனவே நோய் ஏதேனும் உண்டா?" என்ற வினாவுக்கு "இல்லை" என்று விடை எழுதப்பட்டிருந்தது. சிங்கப்பூர் அரசு ஆஸ்பத்திரிகளில் அந்நாட்டு மக்களுக்குள்ள கட்டணச் சலுகை வெளிநாட்டாருக்கு இல்லை. மகனுடைய சேமிப்பு போதாமற்போகவே, தாயின் வளையலும் மருமகளின் சங்கிலியும் சங்கத்தின் பெட்டகத்துக்கு வந்து சேர்ந்தன.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று சிங்கப்பூரிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பணிபுரிகின்றனர். பேரப்பிள்ளை பிறக்குங்கால் பெற்றோர் அங்கே செல்வது இயல்பாகிவிட்டது. அறுபது வயதைக் கடந்தவர்களில் நீரிழிவோ, இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் பலர். ஆதலின் நோயுள்ள முதியவர் தம் சக்திக்கேற்ற செலவில் தக்க இன்ஷூரன்ஸ் பெறுவது எங்ஙனம் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர் பலர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயினும், 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்தோர் யாவருக்கும் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமாயினும், இந்திய நாட்டு எல்லையைத் தாண்டினால் பயன்படா. வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனிப் பாலிசியே வேண்டும்.

இன்ஷூரன்ஸும் ஒருவகைக் கூட்டுறவே. பலர் சிறிது சிறிதாகச் செலுத்தும் பணம், துன்புற்ற ஒருவருக்குத் துணையாகிறது. தம்மிடமுள்ள நோயை மறைத்துக் குறைந்த பிரீமியம் செலுத்துவது, சங்கத்தில் கடன் பெறும்போது நிலத்தின் மீதுள்ள பழைய அடமானத்தைச் சொல்லாமல் மறைப்பதற்கு ஒப்பாகும். காப்பீடு கோருபவர் தாம் அறிந்த உண்மை அனைத்தையும் உரைத்தாக வேண்டும் என்பதை 1766ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு ஒரு வழக்கில் நிலைநாட்டினார். இன்றளவும் இன்ஷூரன்ஸ் தொழில் அந்த அடிப்படையின் மீதே நிற்கிறது. "இல்லை" என்று எழுதி மிச்சம் பிடிக்கும் பணம் மிச்சமன்று. அப்படி எழுதியபின் செலுத்தும் பிரீமியமும் வீணே.

ஏற்கெனவே உள்ள நோய் என்பது யாது? உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டில், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய் என்று 2024 முதல் விதி உள்ளது. வெளிநாட்டுப் பயணப் பாலிசியிலும் அதே வரையறைதான் இருக்கும் என்று கொள்ளுதல் கூடாது. ஒவ்வொரு பாலிசியிலும் சொற்களுக்குப் பொருள் கூறும் பகுதி ஒன்றுண்டு; அதனைக் கட்டாயம் படித்தல் வேண்டும்.

நோயுள்ளவர் விஷயத்தில் பயணப் பாலிசிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பழைய நோயால் விளையும் எச்செலவையும் தராது. இரண்டாம் வகை, உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டால் மட்டும், அந்த ஆபத்து நீங்கும் வரை ஆகும் செலவைத் தரும். அதற்கும் ஓர் உச்சவரம்பு இருப்பதுண்டு. மூன்றாம் வகை, கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு, அறிவித்த நோய்க்கும் காப்பு அளிக்கும். முதல் வகைக்கே விலை குறைவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை முழுவதும் பழைய நோய்க்கும் கிடைக்கும் என்று எண்ணி ஏமாறுவோர் பலர். அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு அறை வாடகை, அறுவைச் சிகிச்சை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு.

செல்லும் நாட்டைப் பொறுத்தும் தேவை மாறுபடும். ஜெர்மனி, பிரான்சு முதலிய 29 நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதிக்குக் குறுகிய காலப் பயணமாகச் செல்வோர், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு இருந்தாலன்றி விசா பெற இயலாது. அவசரச் சிகிச்சையும், தாயகம் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடங்கியிருத்தல் வேண்டும். ஆனால் விசாவுக்குப் போதுமான பாலிசி நம் நோய்க்கும் போதுமானதென்று கருதலாகாது.

பிரிட்டனுக்குச் செல்லும் பார்வையாளருக்கு விசாவின் பொருட்டு இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. அங்கே அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை எனினும், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், விலக்குப் பெறாத அயல்நாட்டுப் பார்வையாளரிடம் அந்நாட்டுத் தேசிய மருத்துவ நிறுவனத்தின் வழக்கமான கட்டணத்தில் 150 சதவிகிதம் பெறப்படும்.

கனடாவில் பிள்ளைகளுடன் நெடுநாள் தங்கப் பெற்றோர் பெறும் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு ஓராண்டுக் காப்பு கேட்கின்றனர். அந்நாட்டுப் பாலிசிகளில் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. பயணத்துக்கு முன் குறிப்பிட்ட நாட்கள், 90 என்றோ 180 என்றோ, நோய் மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பர். மாத்திரையின் அளவைக் கூட்டினால் மட்டுமன்றி, குறைத்தாலும்கூட அதனை மாற்றமாகக் கொள்ளும் பாலிசிகள் உள்ளன. ஆகவே மருந்தில் மாறுதல் நேர்ந்தால் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து விளக்கம் பெறுதல் நன்று. இன்ஷூரன்ஸுக்காக வேண்டிய மருந்தை மாற்றாமல் இருந்துவிடுதல் பெருந்தவறாகும்.

அமெரிக்காவுக்குச் செல்லும் பார்வையாளருக்கும் விசாவின் பொருட்டு இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. ஆயின் மருத்துவச் செலவு மிக அதிகமாகும் நாடு அதுவே. அங்கு விற்கப்படும் பார்வையாளர் பாலிசிகளில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று நிர்ணயித்த சிறு தொகை மட்டும் தருவன ஒருவகை. உண்மையான செலவில் பெரும்பகுதியைத் தருவன மற்றொரு வகை. முன்னது மலிவு, பெரிய நோய் வந்தால் கைவிட்டுவிடும். பழைய நோய் திடீரென முற்றினால் காப்பு உண்டு என்று கூறும் பாலிசிகள், 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளையும், வயது வரம்பையும் விதிக்கின்றன.

இனிச் செலவைக் குறைக்கும் நேர்மையான வழிகளைக் காண்போம். முதலாவது, தங்கும் நாட்களுக்கு மட்டும் பாலிசி எடுத்தல். ஆண்டில் ஒரு முறை செல்பவருக்குப் பல பயண ஆண்டுப் பாலிசி வேண்டுவதில்லை. இரண்டாவது, அமெரிக்கா, கனடா செல்லாதவர் அந்நாடுகள் நீங்கலான பாலிசியைக் கேட்டல். அது பெரும்பாலும் விலை குறைவு. மூன்றாவது, செலவின் முதற்பகுதியாக ஒரு சிறு தொகையைத் தாமே ஏற்க ஒப்புதல். அவ்வாறு ஒப்பினால் பிரீமியம் குறையும். நான்காவது, மூட்டை முடிச்சுக்கும் விமானத் தாமதத்துக்குமான காப்பைக் குறைத்து, மருத்துவக் காப்பை வலுப்படுத்துதல். ஐந்தாவது, பிரீமியத்தை மட்டுமன்றி, பழைய நோய்க்குத் தரும் தொகையையும் எழுதிப் பார்த்து, மூன்று கம்பெனிகளையேனும் ஒப்பிடுதல். ஆறாவது, நோய் கட்டுக்குள் உள்ள காலத்தில் பயணத்தை அமைத்துக்கொள்ளுதல்.

சென்ற மாதம் நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். அறுபத்தெட்டு வயதான நெசவாளர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். ஜெர்மனியிலுள்ள மகளுக்குப் பிள்ளைப்பேறு. கணவனும் மனைவியும் செல்ல வேண்டும். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. "அந்த எடத்துல இல்லைன்னு போட்டுட்டா ரொம்ப மிச்சமாகுதுன்னு ஏஜெண்டு சொல்றாருங்க, போட்டுரலாமுங்களா?" என்று கேட்டார்.

அடகுக்கு வந்த வளையலின் கதையை, பெயர் சொல்லாமல், அவரிடம் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "பாவுல அறுந்த இழைய மறைச்சுட்டு நெய்ய முடியுமுங்களா? துணியில தெரிஞ்சுருமே" என்றார். அன்று மாலையே மருத்துவரிடம் நோயின் விவரமும் மருந்தின் பெயரும் அளவும் குறித்த சான்று வாங்கிவரச் செய்து, மூன்று கம்பெனிகளுக்கு எழுதினோம். ஒரு கம்பெனி மறுத்தது. ஒன்று, உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் தருவதாகக் கூறியது. மற்றொன்று, கூடுதல் பிரீமியத்துக்கு நீரிழிவையும் ஏற்றது. தங்கும் நாட்களைத் தொண்ணூறிலிருந்து அறுபதாகக் குறைத்து, மூட்டை முடிச்சுக் காப்பை விலக்கியபின், ஏஜெண்டு முதலிற் சொன்ன தொகைக்கு மேல் சிறிதளவே கூடிற்று. அவர் நோயை உரைத்தே கையொப்பமிட்டார்.

புறப்படுமுன் செய்ய வேண்டுவன சில. மருத்துவர் சீட்டுடன் பயணக் காலம் முழுமைக்கும் போதுமான மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அந்த மருந்து அந்நாட்டில் அனுமதிக்கப்பட்டதா என்பதையும் அறிந்துகொள்க. பாலிசி எண்ணையும் உதவித் தொலைபேசி எண்ணையும் பிள்ளைகளிடம் தருதல் வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன் முதற்காரியமாக அந்த எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதத்தைக் காரணம் காட்டிக் கோரிக்கை மறுக்கப்படுவதுண்டு. விண்ணப்பத்தை ஏஜெண்டு நிரப்பினாலும், பொறுப்பு கையொப்பமிட்டவரையே சாரும். ஆதலின் நிரப்பிய விண்ணப்பத்தின் பிரதியை வாங்கிப் படித்து, வீட்டில் பத்திரப்படுத்துக.

உண்மையை உரைத்தும் நியாயமின்றிக் கோரிக்கை மறுக்கப்பட்டால் மனம் தளர வேண்டுவதில்லை. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுக. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' ஏற்பாட்டில் 155255 என்ற எண் மூலமும் முறையிடலாம். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 2023 முதல் 50 லட்சம் ரூபாய் வரையில் தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

பிரிட்டனில், நோயின் காரணமாகக் காப்பை மறுக்கும் கம்பெனி, நோயுள்ளோருக்குக் காப்பளிக்கும் பிற கம்பெனிகளின் பட்டியலை விண்ணப்பதாரருக்குக் காட்ட வேண்டும் என 2021 ஏப்ரல் முதல் விதி செய்துள்ளனர். அப்பணியை இங்கே நம் சங்கங்களே சிறிய அளவில் செய்யலாகும். எந்தக் கம்பெனி எந்த நோயை, என்ன நிபந்தனையில் ஏற்றது என்பதை, பயணம் சென்று திரும்பிய அங்கத்தினர்களிடம் கேட்டு, சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும். படிப்பறிவு குறைந்த முதியோருக்கு விண்ணப்பத்தைப் படித்துக் காட்டச் சங்கத்தில் ஓர் இளைஞரை நியமித்தல் அதனினும் நன்று.

சென்ற வாரம் அந்த மஞ்சள் விவசாயி சங்கத்துக்கு வந்து முதல் நகையை மீட்டுச் சென்றார் எனச் செயலாளர் தெரிவித்தார். இன்னும் இரண்டு பாக்கி. அந்த இரண்டையும் அவர் விரைவில் மீட்பாராக. வேறோர் அங்கத்தினர் இக்காரணம் பற்றி நகையுடன் வரும் நாள் நேராதிருப்பதாக.