கியர் மாறினால் கம்பியும் மாற வேண்டும்

நம் பெரியப்பா ஒருவர் சென்னையில் பழைய கார் ஒன்றை வாங்கிக் கப்பலேற்றி இத்தீவிற்குக் கொணர்ந்தார். ஆட்டோமேட்டிக் கியர் பூண்ட வண்டி. சில திங்களில் அக்கியர்ப் பெட்டி பழுதுற்றது. செப்பனிடக் கைதேர்ந்தார் இங்கு அகப்படவில்லை. ஆகவே, அதே இன வண்டியின் மேனுவல் கியர்ப் பெட்டியையும் கிளச் மிதியையும் வரவழைத்துப் பூட்டினார்கள். இரும்பு வேலை குறைவின்றி முடிந்தது. மறுநாள் பெரியப்பா பழைய வழக்கப்படி வெளியே நின்றவாறே ஜன்னல் வழியாகக் கைநீட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி முதற் கியரில் இருந்தது. துள்ளிப் பாய்ந்து மதிலை இடித்தது. சற்று முன்வரை அம்மதிலோரம் பேரக்குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது.

பிழை கம்பியில் இருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்க்கோல் ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரல்’ நிலையில் இருந்தாலன்றி ஸ்டார்ட்டர் சுழலாது. கியர்ப் பெட்டியின் பக்கத்திலுள்ள ஒரு ஸ்விட்சே இதற்குக் காவல். பெட்டியைக் கழற்றினால் அக்காவலும் உடன் போய்விடும். பட்டறைக்காரர் அதன் இரு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக்கி விட்டார். தண்டவாளமே இல்லாத தீவிலிருந்து ரயில்வே எழுத்தர் சொல்வது வேடிக்கைதான். எனினும், பாயிண்ட் பூட்டாமல் சிக்னல் இறங்கலாகாது என்பதே எம் துறையின் பாலபாடம். இங்கே அப்பூட்டையே அறுத்துவிட்டனர்.

அவ்விரு கம்பிகளையும் கிளச் மிதியில் பொருத்திய ஸ்விட்சுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மிதியை முழுதும் அழுத்தினால்தான் மின்சாரம் ஓடவேண்டும். மின்னோட்டம் மிகுதியாயின் இடையே ஒரு ரிலே தேவை. பழைய மேனுவல் வண்டிகள் பலவற்றில் இக்காவல் இல்லையே எனச் சிலர் கேட்பர். அவற்றை ஓட்டுவோர் கிளச் மிதித்துப் பழகியவர்கள். நம் பெரியப்பா அல்லர்.

பின்செல்லும்போது எரியும் விளக்கிற்கும் பெரும்பாலும் அப்பழைய ஸ்விட்சே மின்சாரம் தந்தது. மேனுவல் பெட்டியில் அதற்குத் தனி ஸ்விட்ச் உண்டு. கம்பியை நீட்டினால் போதும். கடினமானது கணினி. புதிய வண்டிகளில் கியரின் கணினியும் எஞ்சினின் கணினியும் இடைவிடாது பேசிக்கொள்வன. ஒன்று மறைந்தால் மற்றது எச்சரிக்கை விளக்கேற்றும். எஞ்சினின் வலுவைக் குறைப்பதும் உண்டு. எஞ்சின் கணினியை மேனுவல் வகைக்கு மாற்றவோ, அதன் நிரலைத் திருத்தவோ நேரும். 2014இல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. வகை உள்ளே மேனுவல் பெட்டிதான். எனினும் கிளச்சையும் கியரையும் இயக்குவது கணினியாதலின், இவ்விடர் அதற்கும் உண்டு.

இத்தீவின் உப்புக்காற்றில், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு விரைவில் பச்சை பூத்துப் போகும். ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூடுக. பயனற்ற கம்பிகளின் முனையைத் திறந்து விடற்க.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுதலைக் கட்டுப்படுத்துகிறது. ஆதலின் முன்னரே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக, காப்பீட்டாருக்கும் தெரிவிக்க.

வண்டியைப் பெறுமுன் நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, கிளச்சைத் தொடாமல் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழன்றால் வண்டியைப் பட்டறையிலேயே விட்டு வருக.