கெர்ஷ்வின் பாடல்களின் ஜாஸ் ஒலிப்பதிவுகள்

ஜார்ஜ் கெர்ஷ்வின் (செப்டம்பர் 26, 1898 - ஜூலை 11, 1937) அமெரிக்க இசையமைப்பாளர். நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் அவர் அமைத்த மெட்டுகள் ஜாஸ் கலைஞர்கள் மிக அதிகமாக எடுத்து வாசித்தவற்றுள் அடங்கும். பெரும்பாலான பாடல்களுக்கு வரிகளை எழுதியவர் அவருடைய அண்ணன் ஐரா கெர்ஷ்வின். 'ராப்சடி இன் ப்ளூ' (1924) போன்ற படைப்புகளில் ஜாஸின் சாயல் இருந்தாலும் கெர்ஷ்வின் ஜாஸ் கலைஞர் அல்லர். அவருடைய பாடல்களின் தலைசிறந்த ஜாஸ் பதிவுகளில் பெரும்பாலானவை அவர் இறந்த பிறகு வந்தவை. அவற்றுள் சிலவற்றில் அவர் எழுதிய மெட்டே காதில் விழாது. மெட்டு இல்லாதபோதும் அது எப்படி அவருடைய பாடலாகிறது என்பதை விளங்கிக்கொண்டால் ஜாஸ் கேட்பதில் பாதித் தடை நீங்கிவிடும்.

பின்னணி

கெர்ஷ்வின் புரூக்ளினில் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். 15 வயதில் பள்ளியை விட்டு, ரெமிக் என்ற இசைப் பதிப்பகத்தில் வாரம் 15 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பதிப்பகம் அச்சிட்ட புதுப் பாடல்களை வாடிக்கையாளர்களுக்குப் பியானோவில் வாசித்துக் காட்டுவது வேலை. ஜேம்ஸ் பி. ஜான்சன் போன்ற கறுப்பினப் பியானோ கலைஞர்களின் வாசிப்பையும் அவர் கூர்ந்து கேட்டார். அவருடைய மெட்டுகளில் உள்ள தாளத் துள்ளலில் அந்தக் கேள்வி ஞானத்துக்குப் பங்குண்டு. மூளைக் கட்டிக்கான அறுவை சிகிச்சைக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தபோது அவருக்கு வயது 38.

மெட்டும் கார்டுகளும்

ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் தொகுப்பு 'கார்ட்' எனப்படும். மேலே குரல் மெட்டைப் பாட, அடியில் பியானோவும் பேஸும் கார்டுகளை ஒரு வரிசையில் மாற்றிக்கொண்டே போகும். ஜாஸ் கலைஞர் முதலில் மெட்டை ஒருமுறை வாசிப்பார். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதே கார்ட் வரிசையின் மேல் புதிய இசையை அந்தக் கணத்திலேயே கற்பனை செய்வார். கர்நாடக இசையில் மனோதர்மத்துக்கு ராகம் எல்லை வகுப்பதைப் போல இங்கே கார்ட் வரிசை எல்லை வகுக்கிறது. வரிசை ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'ஐ காட் ரிதம்'. 1930 அக்டோபரில் அரங்கேறிய 'கேர்ல் கிரேஸி' நாடகத்தில் எத்தல் மெர்மன் இதைப் பாடிப் புகழ்பெற்றார். மேடைக்குக் கீழே ரெட் நிக்கல்ஸ் தலைமையில் வாசித்த குழுவில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற பென்னி குட்மன், ஜீன் குரூபா, கிளென் மில்லர் ஆகியோர் இருந்தனர். ப, த, ஸ, ரி என்று நான்கு சுரங்கள் ஏறி அதே வழியில் இறங்குவதுதான் மெட்டின் தொடக்கம். இவ்வளவு எளிய மெட்டு வேறு பாட்டில் சலித்துப்போயிருக்கும். தாளத்தின் இடம் தள்ளி வைக்கப்பட்டிருப்பதே இதற்கு உயிர். நான்கு தட்டு கொண்ட ஒரு பகுதியை 'பார்' என்பார்கள். கெர்ஷ்வின் எழுதியது 34 பார். ஜாஸ் கலைஞர்கள் கடைசி இரண்டு பாரை வெட்டி 32 ஆக்கிக்கொண்டார்கள்.

1931இல் லூயி ஆம்ஸ்ட்ராங் இதைப் பதிவு செய்தார். அடுத்து வந்தவர்கள் இதன் கார்ட் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு புது மெட்டுகளைக் கட்டினர். லெஸ்டர் யங்கின் 'லெஸ்டர் லீப்ஸ் இன்' (1939), டியூக் எலிங்டனின் 'காட்டன் டெயில்' (1940), சார்லி பார்க்கரின் 'மூஸ் தி மூச்' (1946), சானி ரோலின்ஸின் 'ஓலியோ' (1954) எல்லாம் அந்த வரிசையில் எழுந்தவை. இசைக்கலைஞர்கள் அதை 'ரிதம் சேஞ்சஸ்' என்றே அழைக்கிறார்கள். இன்றும் ஜாஸ் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களில் ஒன்று அது.

இதில் காசுக் கணக்கும் உண்டு. பதிப்புரிமை மெட்டையும் வரிகளையும் காத்தது; கார்ட் வரிசை யாருக்கும் சொந்தமாகவில்லை. கெர்ஷ்வினின் மெட்டை வாசித்தால் அவருடைய பதிப்பாளருக்குப் பணம் தர வேண்டும். புது மெட்டு என்றால் வேண்டாம். சிறிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அது இலாபம். 1940களில் பிறந்த பீபாப் இசையில் பழைய பாடல்களின் மேல் இத்தனை புதுப் பெயர்கள் முளைத்ததற்குக் கலை ஆர்வம் ஒன்றே காரணமல்ல.

மெட்டையே வைத்துச் செய்த அரிய பதிவு ஒன்றும் இருக்கிறது. 1945 ஜூனில் நியூயார்க் டவுன் ஹாலில் டான் பையஸ் சாக்ஸஃபோனும் ஸ்லாம் ஸ்டூவர்ட் பேஸும் மட்டும் வைத்து 'ஐ காட் ரிதம்' வாசித்தார்கள். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. ஆனாலும் அவை இல்லாத குறை தெரிவதில்லை.

ஓ, லேடி பி குட்

1924இல் வந்த நாடகத்தின் பாடல் இது. 1936இல் சிகாகோவில் கவுண்ட் பேசியின் சிறு குழு 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்' என்ற பெயரில் இதைப் பதிவு செய்தது. லெஸ்டர் யங் இசைத்தட்டுக்கு வாசித்தது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 27. அவருடைய தனிவாசிப்பு இரண்டு சுற்று, 64 பார். கனத்த ஒலியில் சாக்ஸஃபோன் வாசிப்பதே மதிப்பு என்றிருந்த காலத்தில் யங் மெல்லிய, காற்றோட்டமான ஒலியில் அவசரமின்றிக் கதை சொல்வதுபோல் வாசித்தார். அந்த இரண்டு சுற்றுகளை மனப்பாடம் செய்துதான் ஒரு தலைமுறையே சாக்ஸஃபோன் கற்றது என்றால் மிகையாகாது.

பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் இதே பாடலை இருமுறை, முற்றிலும் எதிரெதிராகப் பதிவு செய்தார். 1947இல் வந்தது வேகமானது. வரிகளைச் சுருக்கமாகப் பாடி முடித்துவிட்டு, பொருளற்ற அசைகளால் குரலையே டிரம்பெட் போலவும் சாக்ஸஃபோன் போலவும் ஆக்குகிறார். 'ஸ்காட்' என்னும் இம்முறைக்கு இதைவிடச் சிறந்த அறிமுகம் கிடைப்பது கடினம். 1959இல் நெல்சன் ரிடிலின் இசைக்கோர்வையுடன் ஐந்து இசைத்தட்டுகளாக வந்த 'ஜார்ஜ் அண்ட் ஐரா கெர்ஷ்வின் சாங் புக்' தொகுப்பில் அதையே மிக மெதுவாகப் பாடினார். துள்ளல் பாட்டாகவே எல்லோருக்கும் தெரிந்திருந்த பாடல் துணையற்ற ஒருவரின் மன்றாடலாக மாறிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது.

தி மேன் ஐ லவ்

இந்தப் பாடலின் விதி விசித்திரமானது. அதே 1924 நாடகத்துக்காக எழுதப்பட்டு ஒத்திகைக் காட்சிகளின்போது நீக்கப்பட்டது. பிறகு வேறு இரண்டு நாடகங்களுக்கு நினைத்தும் அவை வழியாக பிராட்வேயில் நிலைக்கவில்லை. மேடை மறுத்த பாடலைப் பாடகர்களும் இசைக்குழுக்களும் தூக்கிச் சென்றனர்.

மெதுவாகப் பாடப்படும் இந்த ஏக்கப் பாட்டை 1943 டிசம்பரில் கோல்மன் ஹாக்கின்ஸ் வேகமாக எடுத்தார். வழக்கமான பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிடம்தான் கொள்ளும். இது பன்னிரண்டு அங்குலத் தட்டு என்பதால் ஐந்து நிமிடம் கிடைத்தது. முதலில் எடி ஹேவுடின் பியானோ, அடுத்து ஆஸ்கர் பெட்டிஃபோர்டின் பேஸ். பெட்டிஃபோர்ட் ஒவ்வொரு சொற்றொடருக்கும் நடுவே மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்கிறது. பேஸ் நரம்புக் கருவிதான். அதை வாசிக்க மூச்சு தேவையில்லை. ஆனால் அவர் மனத்துக்குள் பாடிக்கொண்டே வாசிக்கிறார் என்பது அதனால் தெரிகிறது. கடைசியில் ஹாக்கின்ஸ் நுழைந்து இரண்டு சுற்று மூச்சுவிடாமல் கட்டி எழுப்புகிறார்.

1954ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மைல்ஸ் டேவிஸ் இதைப் பதிவு செய்தபோது பியானோவில் தெலோனியஸ் மங்க் இருந்தார். இரண்டாவது பதிவில் மங்க் தன் முறையின் நடுவே வாசிப்பதை நிறுத்திவிடுகிறார். பேஸும் டிரம்ஸும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டேவிஸ் டிரம்பெட்டால் அவரை உசுப்ப, மங்க் மறுபடி பாய்ந்து வருகிறார். பிழையா, குறும்பா என்ற விவாதம் ஓயவில்லை. நல்ல வேளையாக அதை யாரும் வெட்டியெறியவில்லை.

எம்ப்ரேசபிள் யூ

அக்டோபர் 28, 1947 அன்று டயல் நிறுவனத்துக்காகச் சார்லி பார்க்கர் இதை இருமுறை வாசித்தார். முதல் பதிவில் கெர்ஷ்வினின் மெட்டு ஏறக்குறைய இல்லை. ஆறு சுரம் கொண்ட ஒரு சிறு சொற்றொடரை எடுத்து, அதைத் திருப்பி, நீட்டி, உடைத்து முழுத் தனிவாசிப்பையும் வளர்க்கிறார். மெட்டைத் தேடிக்கொண்டே கேட்பவருக்கு இது ஏமாற்றம். கெர்ஷ்வினின் பாடலை முன்பே நாலைந்து முறை கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டு வருபவருக்கு, ஒலிக்காத மெட்டு ஒலிக்கும் மெட்டோடு பேசுவது புரியும். இரண்டாவது பதிவு வேறு இசை. முதலாவதன் திருத்தம் அல்ல.

போர்கி அண்ட் பெஸ்

சார்ல்ஸ்டன் நகரின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்பு ஒன்றைப் பற்றி டூபோஸ் ஹேவர்ட் எழுதிய நாவலை கெர்ஷ்வின் ஓபராவாக்கினார். அதற்காக 1934 கோடையில் அந்நகருக்கு அருகிலுள்ள ஃபாலி தீவில் தங்கி அங்குள்ள மக்களின் பாடல்களைக் கேட்டார். 1935 அக்டோபரில் நியூயார்க்கில் அரங்கேறி, 124 காட்சிகளோடு நின்றுவிட்டது. போட்ட பணம் வரவில்லை.

வெள்ளையர் எழுதிய கறுப்பர் வாழ்க்கை என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்து இதைத் தொடர்கிறது. சூதாட்டமும் போதையும் கொலையுமாகவே தங்களைக் காட்டுகிறது என்ற கோபம் நியாயமற்றதல்ல. 1959இல் வந்த திரைப்படத்தில் நடிக்க ஹாரி பெலஃபோன்டே மறுத்துவிட்டார். ஆனால் அதே ஆண்டுகளில், படத்தையொட்டிய ஆர்வத்தால், கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் கதையை விட்டுவிட்டு இசையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆல்பங்கள் வெளியிட்டனர். ஓபரா கொடுக்கத் தவறிய கண்ணியத்தைச் சில பதிவுகள் கொடுத்தன.

தொடக்கத்தில் வரும் 'சம்மர்டைம்' ஒரு தாலாட்டு. பில்லி ஹாலிடே 1936இல் அதைத் தாலாட்டாக இல்லாமல் தெருவோரக் கேலியோடு பாடினார். 1939 ஜூனில் சிட்னி பெஷே சோப்ரானோ சாக்ஸஃபோனில் வாசித்தது, அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்ட ப்ளூ நோட் நிறுவனத்துக்கு முதல் வெற்றியைத் தந்தது. 1957இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் சேர்ந்து ஓபராவின் பாடல்களைப் பதிவு செய்தனர். கரகரப்பும் பட்டும் ஒன்றாகக் கேட்கும் அந்த ஆல்பம் புதிதாகக் கேட்பவருக்கு ஏற்றது.

1958 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மைல்ஸ் டேவிஸும் இசைக்கோர்ப்பாளர் கில் எவன்ஸும் செய்த 'போர்கி அண்ட் பெஸ்' வரிசையில் முதலிடம் பெறத் தக்கது. 'ஐ லவ்ஸ் யூ, போர்கி' பாடலுக்கு எவன்ஸ் டேவிஸின் தாளில் கார்டுகளை எழுதவில்லை; ஒரு சுர வரிசையை மட்டும் எழுதிக் கொடுத்தார். மெட்டு போய்க் கார்டுகள் எஞ்சியிருந்தன. இப்போது கார்டுகளும் போயின. அதன் பலனை 1959இல் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் உலகம் கேட்டது.

டேவிஸ் குழுவில் இருந்த ஜான் கோல்ட்ரேன் எதிர்த் திசையில் போனார். 1960 அக்டோபரில் பதிவான 'மை ஃபேவரிட் திங்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் கெர்ஷ்வின்: 'சம்மர்டைம்', 'பட் நாட் ஃபார் மீ'. இரண்டாவதில் பழைய கார்டுகளுக்கு நடுவே மேலும் கார்டுகளைச் செருகி நெருக்குகிறார். அவருடைய 'சம்மர்டைம்' கேட்டு எந்தக் குழந்தையும் தூங்காது.

ஓபராவில் கொலையுண்ட கணவனுக்காகச் செரீனா பாடும் ஒப்பாரி 'மை மேன்ஸ் கான் நவ்'. ஜூன் 25, 1961 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் பில் எவன்ஸின் மூவர் குழு அதை வாசித்தது. கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தமும் மேசைப் பேச்சும் பதிவில் கேட்கின்றன. இருந்தவர்களில் பலர் கவனிக்கவே இல்லை. பியானோவுக்குத் துணையாக நில்லாமல் ஸ்காட் லஃபாரோவின் பேஸ் அதனோடு உரையாடுகிறது. ஜூலை 6ஆம் தேதி லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. அவருடைய வாசிப்பு நன்றாகத் தெரியும் பதிவுகளைத் தேர்ந்து 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்' ஆல்பம் வெளியிடப்பட்டது. அதில் இரண்டாவதாக இருப்பது செரீனாவின் ஒப்பாரி.