முதல் நாள் அச்சமும் படப்புத்தகமும்

பள்ளியில் புதிதாகச் சேரும் குழந்தை அழுவது இயல்பே. தாயைப் பிரிவதில் எழும் அச்சம் ஏறத்தாழ எட்டாம் மாதத்திலேயே குழந்தையிடம் தோன்றுகிறது. மூன்று வயதளவில் பெரும்பாலும் தணிந்துவிடும் இவ்வச்சம், புதிய இடத்தையும் புதிய முகங்களையும் காணுங்கால் மீண்டும் தலைதூக்கக் கூடும். இதைப் பிடிவாதம் எனக் கருதிக் கண்டிப்பது தவறாகும்.

சிறு குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. "மூன்று மணிக்கு அம்மா வருவாள்" என்னும் சொல் அதற்குத் தெளிவாக விளங்குவதில்லை. விட்டுச் சென்ற தாய் திரும்பி வருவாளா என்பதே அதன் உள்ளத்திலுள்ள வினா. இதற்கு விடையளிப்பதில் படப்புத்தகம் பெரிதும் துணைபுரிகிறது. வீட்டைவிட்டுப் புறப்படுதல், பள்ளி வாயில், மணியோசை, பாட்டு, மதிய உணவு, விளையாட்டு, இறுதியில் தாயின் வருகை எனப் பக்கங்கள் புரளும்போது, கண்ணுக்குப் புலனாகாத பொழுது கண்ணால் காணத்தக்க வரிசையாகிவிடுகிறது. வீட்டில் பேசும் மொழி வேறாகவும் பள்ளியில் வழங்கும் மொழி வேறாகவும் உள்ள இடங்களிலும் படம் தன் பொருளை உணர்த்தும்.

பள்ளியில் சேர்வதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே இப்புத்தகத்தைக் காட்டத் தொடங்குதல் நன்று. "பயப்படாதே" என்று கூறுவதைவிட, "இந்த முயல்குட்டி ஏன் வாசலிலேயே நிற்கிறது?" என்று வினவிக் காத்திருத்தல் வேண்டும். தன் அச்சத்தைக் கூறத் தயங்கும் குழந்தை, முயலின் அச்சத்தைத் தயங்காமல் கூறும். ஒரே கதையைப் பலமுறை கேட்டாலும் சலிப்பின்றிச் சொல்லவேண்டும். அடுத்து வருவது யாதென முன்னரே அறிந்திருப்பதே அதற்கு ஆறுதல்.

1957-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட் பல இந்திய மொழிகளில் குழந்தை நூல்களை வெளியிட்டு வருகிறது. நூல் கிடைக்காத ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ நான்கு தாள்களை மடித்துத் தைத்துத் தாமே ஒரு புத்தகம் செய்யலாம். அவ்வூர்ப் பள்ளியின் மரம், தண்ணீர்ப் பானை, ஆசிரியர் ஆகியவற்றை அதில் எளிய கோடுகளால் வரைதல் போதும். கழிப்பறையையும் அவசியம் வரைதல் வேண்டும். அது எங்கே உள்ளது, யாரிடம் கேட்பது என்றறியாமல் கலங்கும் குழந்தைகள் பலர்.

ஒன்றை மறத்தலாகாது. புத்தகம் காட்டியது அவ்வாறே நடந்தேற வேண்டும். குழந்தை வேறுபுறம் பார்க்கும் வேளையில் தாய் மறைந்து சென்றால், புத்தகமும் பொய்யாகிவிடும், ஆசிரியரின் சொல்லும் பொய்யாகிவிடும். சொல்லி விடைபெறுதலும், குறித்த வேளையில் திரும்பி வருதலும் இன்றியமையாதவை என்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

நான்கு வாரங்களுக்குப் பின்னரும் கடும் அச்சம் நீங்காமல், உறக்கமும் உணவும் கெடுமாயின், மருத்துவரின் ஆலோசனையை நாடவேண்டும். ஏனைய குழந்தைகளுக்கு, கடைசிப் பக்கத்தில் கண்ட தாயை வாயிலில் நேரிற் காணும் அந்த முதல் மாலையே மறுநாள் வருவதற்குரிய துணிவைத் தரும்.