மருந்தடிக்கும் முன் ஒரு படம்

கொய்யா இலையின் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? உடனே தெளிப்பானைத் தோளில் மாட்டிக் கொள்கிறோம். அந்த அவசரத்தில் பகைவனோடு நண்பனையும் சேர்த்துக் கொன்று விடுகிறோம். இன்று விவசாயிகள் பலரது சட்டைப் பையில் காமிரா உள்ள செல்போன் இருக்கிறது. தோட்டத்தையும் அங்கு வரும் பூச்சி, பறவைகளையும் பட்டத்துக்குப் பட்டம் அதில் படம் பிடித்து வைத்தால் வீண் செலவைக் குறைக்கலாம்.

நான் பட்ட பாடு

என் தோட்டத்தில் நடந்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கொய்யாவில் மாவுப்பூச்சி கண்டது. மருந்தடித்தேன். சில வாரங்களில் முன்னைவிட அதிகமாகப் பரவியது. மருந்தடிப்பதற்கு முதல் நாள் என் மகன் விளையாட்டாக எடுத்திருந்த படத்தை வேளாண்மை உதவி அலுவலரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதில் நீளமாக இருக்கிற நாலைந்தும் மாவுப்பூச்சி இல்லை ஐயா, பொறிவண்டின் புழுக்கள். காவல்காரனை அடித்துவிட்டுத் திருடனை விட்டுவிட்டீர்களே!" என்றார்.

அது கிரிப்டோலேமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு. காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை அடக்க 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. மாவுப்பூச்சிதான் இதற்குப் பிடித்த இரை. இதன் புழுவும் மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும். ஆனால் உருவில் பெரியது. மெழுகு இழைகள் நீளமாகச் சிலிர்த்து நிற்கும். தொட்டால் விரைந்து நகரும். வளர்ந்த வண்டின் முதுகு கறுப்பு. தலையும் பின்பகுதியும் செம்பழுப்பு. மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள்ளும் இலை இடுக்கிலும் பதுங்கி மருந்துக்குத் தப்பிவிடும். இரை தேடி அலையும் வண்டு மடிந்து விடும்.

2008-ல் கோவைப் பகுதியில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் மல்பெரியையும்கூடப் பாழாக்கியது. மருந்தால் அதை அடக்க முடியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதை அடக்கியது. அத்தகைய வயலில் கண்டபடி மருந்தடித்தால் குளவிதான் அழியும்.

படம் எடுக்கும் முறை

தோட்டத்தில் மாறாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். கிணற்று மேடு, வேலிக்கல் எதுவானாலும் சரி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம் எடுங்கள். காலை வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். செல்போன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துக் கொள்ளுங்கள்.

பூச்சியை எடுக்கும்போது ஒரு சாண் தூரத்தில் பிடித்து, திரையில் பூச்சி தெரியும் இடத்தை விரலால் தொட்டால் படம் தெளிவாக விழும். அளவு தெரிய அருகில் ஒரு தீக்குச்சியை வையுங்கள். இலையின் மேற்புறம், அடிப்புறம், முழுச் செடி என மூன்று படங்கள் வேண்டும். தேதி, பயிரின் வயது, பெய்த மழை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

மக்காச்சோளத்தில் 2018 முதல் தொல்லை தரும் படைப்புழுவைப் படத்தில் எளிதாக அடையாளம் காணலாம். தலையில் 'ஒய்' எழுத்தைத் தலைகீழாக எழுதியதுபோல் வெண்கோடு இருக்கும். வால் அருகே நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இரண்டும் தெளிவாக விழும்படி எடுங்கள்.

பருவம் தோறும்

புரட்டாசி, ஐப்பசியில் வயலுக்கு மேல் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். அவை கொசுவையும் சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்பவை. மழைக்காலத்தை ஒட்டி வாலாட்டிக் குருவிகள் வடக்கிலிருந்து வந்து, உழுத நிலத்தில் பூச்சி பொறுக்கும். குளிர்காலத்தில் சூறைக்குருவிகள் சோளக் கதிரில் இறங்கும். வெட்டுக்கிளியையும் அவை விட்டு வைப்பதில்லை. நெல் வயலில் இரவில் எலி பிடிக்கும் கூகையை அபசகுனம் என்று விரட்டாதீர்கள். எது எந்த மாதம் வந்தது, எதைத் தின்றது என்று இரண்டு ஆண்டுப் படங்களை ஒப்பிட்டால் உங்கள் நிலத்தின் போக்கு உங்களுக்கே விளங்கும்.

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் நெருங்கிப் படம் எடுக்க வேண்டாம். தாய்ப்பறவை விலகும் நேரம் பார்த்துக் காகம் கொத்திச் சென்று விடும்.

இதற்கு விலை உயர்ந்த காமிரா வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே காட்டுயிர்களைப் பதிவு செய்தவர். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு ஊர்ப்புறத்துச் சாதாரணப் பறவைகளைப் பற்றியும் எழுதினார். 1950 முதல் 1996-ல் மறையும் வரை அவர் பத்திரிகைக் கட்டுரைகளை நிறுத்தவில்லை. விடாமல் பார்ப்பதுதான் முக்கியம்.

நஷ்டத்திற்குச் சாட்சி

யானையோ காட்டுப்பன்றியோ பயிரை அழித்து, வனத்துறையிடம் இழப்பீடு கோரும்போது, அழிவதற்கு முன் எடுத்த படமும் பின் எடுத்த படமும் கைகொடுக்கும். கால்தடத்தையும் எடுத்து வையுங்கள். ஆலங்கட்டி மழை போன்றவற்றால் காப்பீடு செய்த பயிர் அழிந்தால், பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

இனி இலையில் புதிய பூச்சி தெரிந்தால் முதலில் படம் எடுங்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மூன்று நாள் கழித்து அதே கிளையை மீண்டும் எடுத்து, பூச்சி பெருகியதா, குறைந்ததா என்று பாருங்கள். தெளிப்பானை எடுப்பதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். படத்திற்குச் செலவில்லை, மருந்துக்கு உண்டு.