கிரெஷெண்டோ: அன்றாட ஆங்கிலத்தில் ஓர் இசைச்சொல்

கிரெஷெண்டோ என்பது மேற்கத்திய இசையில் ஒலி படிப்படியாக வலுத்துச் செல்வதைக் குறிக்கும் இத்தாலியச் சொல் ஆகும். அன்றாட ஆங்கிலத்தில் இச்சொல் இசைக்கு வெளியேயும் பரவலாக வழங்குகிறது. கைதட்டல், மழையின் இரைச்சல், மக்கள் எதிர்ப்பு, அரசியல் வாக்குவாதம் எனப் பலவற்றுக்கும் இதைப் பயன்படுத்துகின்றனர். இசையில் "வளர்தல்" என்று மட்டுமே பொருள்படும் இச்சொல், பொதுவழக்கில் "உச்சம்" என்ற பொருளையும் பெற்றுள்ளது. செய்தி எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் நடந்த நிகழ்வின் வடிவமே மாறிவிடும். வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்பகுதியின் நீண்ட வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சொற்பிறப்பு

வளர்தல் எனப் பொருள்படும் "கிரேஷரே" என்ற இத்தாலிய வினைச்சொல்லிலிருந்து கிரெஷெண்டோ பிறந்தது. இதன் மூலம் இலத்தீன் மொழியில் உள்ளது. பிறை நிலவைக் குறிக்கும் "கிரெசென்ட்", அதிகரிப்பைக் குறிக்கும் "இன்கிரீஸ்" ஆகிய ஆங்கிலச் சொற்களும் அதே வேரிலிருந்து வந்தவை. கிரெசென்ட் என்பது முதலில் வளர்பிறையையே குறித்தது. பின்னர் வளர்ச்சி என்ற கருத்து மறைந்து, பிறையின் வடிவத்துக்கு மட்டும் அது பெயராயிற்று. கிரெஷெண்டோ பொதுவழக்கில் அடைந்த மாற்றமும் இதைப் போன்றதே.

இசையில் பொருள்

மேற்கத்திய இசைக்குறிப்பில் மெல்லிய ஒலிக்கு "பியானோ" என்றும், வலிய ஒலிக்கு "ஃபோர்ட்டே" என்றும் பெயர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிது சிறிதாக ஏறிச் செல்வதே கிரெஷெண்டோ. இடப்பக்கம் ஒரு புள்ளியில் தொடங்கி வலப்பக்கம் விரிந்து செல்லும் இரு கோடுகளால் இதைக் குறிப்பர். ஒலி படிப்படியாகக் குறைவது "டிமினுவெண்டோ" அல்லது "டிகிரெஷெண்டோ" எனப்படும். ஒரு சுரத்தைத் திடீரென அழுத்தி ஒலிப்பது "ஸ்ஃபோர்ட்சாண்டோ" எனப்படும். அது கிரெஷெண்டோ அன்று.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமனியின் மான்ஹைம் நகர இசைக்குழு இந்த உத்திக்குப் புகழ்பெற்றிருந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியும் (1792–1868) தம் இசைநாடகங்களில் இதைத் திறம்படக் கையாண்டார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1928இல் இயற்றிய "பொலேரோ" இதற்கு மிகவும் அறியப்பட்ட சான்று. ஏறத்தாழ 15 நிமிடம் நீளும் அப்படைப்பில் ஒரு சிறுமுரசு ஒரே தாளத்தை மிக மெல்லத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு கருவிகள் சேர, முழுக்குழுவும் ஓங்கி ஒலிக்கும் நிலையில் அது முடிகிறது. அந்தப் 15 நிமிடமும் கிரெஷெண்டோதான். கடைசி முழக்கம் அதன் முடிவு மட்டுமே.

சுருதியும் வலுவும்

கிரெஷெண்டோ ஒலியின் வலுவைப் பற்றியது. சுருதியைப் பற்றியது அன்று. பறையைக் கொண்டு இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். பறையில் கட்டப்படுவது பதனிடாத தோல். அதைத் தீயில் காட்டும்போது ஈரம் வற்றித் தோல் இறுகுகிறது. அதனால் சுருதி உயர்கிறது. அதே பறையை முதலில் மெதுவாகவும் பின்னர் வரவர ஓங்கியும் அடித்தால் ஒலியின் வலு கூடுகிறது. இவற்றுள் இரண்டாவதே கிரெஷெண்டோ. தமிழ்ப் பேச்சிலும் இவை இரண்டும் கலந்துவிடுவது உண்டு. "உச்சஸ்தாயியில் கத்தினான்" என்னும்போது சுருதியைக் குறிக்கும் சொல், உரத்த குரலைச் சுட்டுகிறது.

அன்றாட ஆங்கிலத்தில்

பொதுவழக்கில் இச்சொல் இரு வகையாக வருகிறது. "எ கிரெஷெண்டோ ஆஃப் புரோட்டெஸ்ட்" என்றால் வலுத்துக்கொண்டே போகும் எதிர்ப்பு என்று பொருள். இது இசைப்பொருளுக்கு நெருக்கமான பயன்பாடு. "ரீச்டு எ கிரெஷெண்டோ" என்றால் உச்சத்தை எட்டியது என்று பொருள். இரண்டாவதை இசை அறிந்தோர் பலர் ஏற்பதில்லை. ஏறுதல் என்பது ஒரு செயல். சென்று சேரும் இடம் அன்று என்பது அவர்களின் வாதம்.

ஆயினும் உச்சம் என்ற பொருள் புதியதன்று. 1925இல் வெளிவந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் "தி கிரேட் கேட்ஸ்பி" புதினத்திலேயே அப்பயன்பாடு உள்ளது. மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அகராதிகளும் அப்பொருளைப் பதிவு செய்துள்ளன. "கிளைமாக்ஸ்" என்ற சொல்லும் இவ்வழியில் மாறியதே. கிரேக்கத்தில் ஏணி எனப் பொருள்பட்ட அச்சொல், அணியிலக்கணத்தில் படிப்படியாக உயரும் சொற்றொடர் வரிசையைக் குறித்தது. இன்று அது ஏணியின் கடைசிப் படியை மட்டுமே குறிக்கிறது. எனவே உச்சம் என்ற பொருளில் கிரெஷெண்டோவை எழுதுவதை முற்றிலும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பொருளில் எழுதப்பட்டுள்ளது என்பதை வாசகர் அறிய வேண்டும்.

பாலாற்றுப் படுகை: ஓர் எடுத்துக்காட்டு

இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி ஏற்றுமதிக்கும் பெயர்பெற்றவை. பல குடும்பங்களின் பிழைப்பு இத்தொழிலை நம்பியுள்ளது. அதே வேளையில், பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் கூறும் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அது அறிவித்தது.

"பாலாற்று விவசாயிகளின் எதிர்ப்பு 1996இல் கிரெஷெண்டோவை அடைந்தது" என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுவதாகக் கொள்வோம். உச்சம் வந்தது, பின் அடங்கியது என்றே வாசகர் புரிந்துகொள்வார். நடந்தது அதுவன்று. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் ஆணை 2001இல் வெளிவந்தது. அதன் பிறகும் வழக்கு நீண்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டை முழுமையாக வழங்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மனு தாக்கலான நாளிலிருந்து 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

"1991 முதல் எதிர்ப்பு ஒரு கிரெஷெண்டோவாக வளர்ந்தது" என்று எழுதினாலும் முழுமையாகப் பொருந்தாது. இடையிடையே பேச்சே எழாத ஆண்டுகள் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர். அந்நாளில் செய்தி திடீரென ஓங்கி ஒலித்தது. இசைமொழியில் அது ஸ்ஃபோர்ட்சாண்டோவுக்கே நெருக்கமானது. இத்தகைய இடங்களில் "தொடர்ந்தது", "நீடித்தது" என்னும் எளிய சொற்களே உண்மையைச் சரியாகச் சொல்லும்.

தமிழில் எழுதும்போது

கிரெஷெண்டோ ஆங்கிலத்தில் பெற்றுள்ள இரு பொருள்களுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் ஏற்கெனவே உள்ளன. "எதிர்ப்பு வலுத்து வருகிறது", "குரல் ஓங்குகிறது" என்பவை வளர்ச்சியைச் சொல்கின்றன. "உச்சத்தை எட்டியது" என்பது முடிநிலையைச் சொல்கிறது. ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்க்கும் மாணவர், கிரெஷெண்டோவைக் கண்டவுடன் "உச்சம்" என்று எழுதிவிடாமல், அதனுடன் வரும் வினையைப் பார்க்க வேண்டும். "ரீச்" என்ற வினை வந்தால் உச்சம் என்றும், "ஆஃப்" என்ற சொல் தொடர்ந்தால் வலுத்துவரும் எதிர்ப்பு, வலுத்துவரும் குரல் என்றும் எழுதுவது பெரும்பாலும் பொருந்தும். ஐயம் இருந்தால், ஒலி இன்னும் ஏறுகிறதா, ஏறி நின்றுவிட்டதா என்று கேட்டுப் பார்ப்பதே எளிய வழி ஆகும்.